பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தது

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை முடிந்து வந்ததும் என் கணவர் போய் உட்காருவது புதிதாக வாங்கிய கேம் பெட்டியின் முன்னால்தான். "இந்தப் பேஜார் புடிச்ச பெட்டியைத் தூக்கிப் போடுங்க" என்று நான் கத்தாத நாளில்லை. எனக்கு வாய் நீளம். ஆனால் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்து, அவர் வேலைக்குக் கிளம்பியதும், நானும் அதன் முன்னால்தான் உட்காருவேன். அவருக்கு ஃபுட்பால் மட்டும்தான். பெட்டியிலேயே இருந்த கார் ரேஸை அவர் தொடுவதில்லை. அதில் நான் கடைசிப் பந்தயம்வரை வந்திருந்தேன்.

ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும், கம்பெனியில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோல் துண்டை விரித்து, கீறல் விழாமல் அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்து, ஸ்க்ரூவைக் கழற்றினார்.

"பெரிய ஹார்டு டிஸ்க் மாத்தறேன். பழசை அழிச்சுடுவேன். அதுல உன்னுது எதுனா இருக்குதா?"

"அதுல எனக்கு இன்னா இருக்குது?" என்று எரிந்து விழுந்தேன்.

அழித்துவிட்டார், நான் ஓட்டிவந்த கார் ரேஸோடு சேர்த்து. மாலைக்குள் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு வயர் இழுத்து, நான் சேர்த்துவைத்திருந்த கீர்த்தனைகள் எல்லாம் டி.வி.யில் வரும்படி செய்தார்.

"ஃபுட்பால் சிடியை தோஸ்துக்குக் குடுத்துட்டேன். நீ கத்தறதும் நியாயந்தான். இனிமே இது உனக்குத்தான்" என்றார்.

பாட்டு ஓடியது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாட்டு அவ்ளோ உருக்கமா இருக்குதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.