விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரே

இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் காசநோய் இல்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அதற்கென்று ஹைதராபாத்தில் ஒரு கிளினிக் இருந்தது. நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். சுத்தமாக இருந்தால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். என் தோழிகள் போன வேகத்திலேயே வாங்கிக்கொண்டு, வழியில் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். நானும் அதே நினைப்பில், நாங்கள் குடியிருந்த புறநகரான அல்வாலிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

அப்பா பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஒரே பெண். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஓய்வுக்குப் பிறகு உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது, இருமலும் சேர்ந்துகொண்டது. இளைப்புக்குச் சர்க்கரை காரணம், இருமலுக்குத் தெருத் தூசி காரணம் என்று அவரே சொல்லிவிட்டார். எங்கள் காலனி சாலையைத் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. நாங்களும் நம்பினோம்.

எக்ஸ்ரே முடிந்ததும் டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு வெள்ளைத் திட்டு. சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்றும், கிருமி வளர்கிறதா என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார். எனக்கு இருமலே கிடையாது. வேறு யாருடைய படத்தையோ பார்த்துச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து அப்பாவிடம் சொன்னபோது, "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது பாப்பா, மெஷின் கோளாறா இருக்கும்" என்றார். சொல்லும்போதே இருமினார்.

முடிவு வந்தது. எனக்குக் காசநோய். வீட்டில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இரண்டு நுரையீரலும் கெட்டுப்போயிருந்தன.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதை யோசிக்கவும் வேண்டாம் என்று அரசு சுகாதார நிலையத்து டாக்டர் அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் தன் கட்டிலை முன் அறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். எப்போதும் மாஸ்க். நான் வாசலுக்குப் போக அந்த அறையைக் கடந்தால், சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

படிப்பை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அதைச் சொல்லலாம் என்று ஒரு நாள் சாயங்காலம் முன் அறைக்குப் போனேன். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"நக்கோ பாப்பா, வேண்டாம். உள்ள போ."

"எனக்கும் அதேதானப்பா இருக்கு. இனிமே புதுசா என்ன வரப்போவுது?"

"உனக்குக் கொஞ்சம். என்கிட்ட நிறைய இருக்கு."

"ஜன்னலத் தொறந்து வெச்சாப் போதும்னு டாக்டர் சொன்னாரு" என்று ஜன்னலைத் திறந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்நேரம் நீ அங்க கிளாஸ்ல உக்காந்திருக்கணும்" என்றார் அப்பா.

"அடுத்த வருஷம் உக்காரறேன்."

"ஹவ், ஆமா" என்றார். "போயிடணும். நான் எப்படி இருந்தாலும் போயிடணும்."

எனக்கு மாத்திரை ஒத்துக்கொண்டது. முதலில் குமட்டல் இருந்தது. பிறகு பசி எடுத்தது, எடை கூடியது. அப்பாவுக்கு நேர்மாறாக நடந்தது. மாத்திரை அவர் ஈரலைத் தாக்கிவிட்டது. கண்கள் மஞ்சளாயின. நிறுத்தினார்கள், வேறு கொடுத்தார்கள், மறுபடி நிறுத்தினார்கள். நிறுத்திய நாட்களில் நெஞ்சு இன்னும் மோசமாயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நான் போய் நிற்கும் ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது ஒன்றைத்தான்: "மாத்திரை போட்டியா?" போட்டேன் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரே நோய், ஏறக்குறைய ஒரே மாத்திரைகள். ஒருவர் தேறிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கரைந்துகொண்டிருந்தார். நான் நன்றாக ஆவதே அவருக்கு எதிராக ஏதோ செய்வதுபோல இருந்தது.

ஒரு மத்தியானம் அப்பா போய்விட்டார். அம்மா குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். இருமல் நின்றதும், தூங்கிவிட்டார் என்று முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது.

கொள்ளி நானே வைத்தேன். மறுநாள் காலை உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள். ஒரு கையில் தண்ணீரும் இன்னொரு கையில் என் மாத்திரைகளுமாக வந்தாள்.

"இன்னிக்கி வேண்டாம்மா."

"ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. போடு."

வாயில் போட்டேன். விழுங்க முடியவில்லை. அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே, நான் விழுங்கும்வரை நின்றாள். அவள் அழுததை அன்றைக்கு நான் பார்க்கவில்லை. டம்ளரைக் கழுவிவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போட ஆரம்பித்தாள்.

சிகிச்சை முடிந்தது. மறுபடி எடுத்த படத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. சளியில் கிருமி இல்லை. சான்றிதழ் கொடுத்தார்கள். கூட வந்த அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

இங்கிலாந்துக்குப் போன முதல் வாரம், பல்கலைக்கழகச் சுகாதார மையத்தில் புது மாணவர்களுக்கான பரிசோதனை. ஒரு வயதான நர்ஸ் என் பழைய நோயைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்றார். அப்பாவுக்கு என்றேன். இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்றார்.

ஊரில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அந்த ஒரு வாக்கியத்தை நான் எந்த மொழியிலும் சொல்ல நேர்ந்ததில்லை. அன்றைக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் சரியாகத்தான் வந்தது. நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம்தான் நான் அழுதேன், அப்பா போனதிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து.

அன்று அம்மாவைக் கூப்பிட்டபோது, பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். எல்லாம் நல்லா இருக்காம் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்காமல் இருந்தோம்.