நாலைப் பார்த்துப் பத்து வரைந்த கதை

பொங்கலுக்கு வாசலில் காப்புக் கட்ட என்று என் மகள் ஒரு கொத்து மஞ்சள் பூவோடு ஓடி வந்தாள். "அம்மா, ஆவாரம்பூ!" எதிர்வீட்டு மதிலோரம் அழகுக்கு வளர்க்கிற மணிப்பூ அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் திட்டி என்ன செய்ய? எனக்குப் பாடம் நடத்தின மேதாவிகளே அதை ஆவாரை என்று சாதித்தவர்கள்.

நிஜ ஆவாரைக்கு ஐந்து இதழும் தனித்தனி, ஓரம் கசங்கின மாதிரி இருக்கும். அவரை, துவரைக்குச் சொந்தம்தான். ஆனால் யாரும் தண்ணி ஊற்ற வேண்டாத சொந்தம். மகரந்தத்தாள் பத்து, பெரிசும் சிறிசுமாக. மேலே இருக்கிற மூன்றும் சும்மா ஒப்புக்கு. மற்றதும் லேசில் தராது, கருவண்டு கட்டிப் பிடித்து உதறினால்தான் நுனித் துளை வழியாகப் பொடி கொட்டும். இலையைக் கசக்கினால் ஒரு பச்சை வாசம். அது வந்தாலே எனக்கு அப்பா ஞாபகம். வெண்ணந்தூர்ப் பக்கம் கடலைக்காட்டுக்குப் போகும்போது வெயிலுக்கு ஆவாரை இலையைத் தலையில் பரப்பித் துண்டைக் கட்டிக்கொள்வார். என்னை டீச்சராகப் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை.

அதற்காகத் தாவரவியல் படிக்கச் சேர்ந்த கல்லூரிக்குப் பின்னால் முழுக்க ஆவாரங்காடு. கடைசி வருஷம், ஆய்வுக்குழு வருகிறது என்று தாளாளர் பொக்லைன் விட்டு மழித்தார். "பொதருங்க, பாம்பு அடையுதுங்க" என்றார். அதே இடத்தில் மூலிகைத் தோட்டம். அதில் ஆவாரை என்று பலகை. பலகைக்குப் பின்னால் நர்சரியில் வாங்கின மணிப்பூச் செடி! குழு வந்தது, பார்த்தது, பாராட்டிவிட்டுப் போனது.

செய்முறைத் தேர்வில் மேஜைமேல் அந்தப் பூவேதான். அறுத்துப் பார்த்து, வரைந்து, எந்தக் குடும்பம் என்று எழுத வேண்டும். அறுத்தேன். இதழெல்லாம் ஒட்டின குழாய், உள்ளே மகரந்தத்தாள் நாலே நாலு.

"சார், இது ஆவாரை இல்லீங்க."

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நிமிரக்கூட இல்லை. "ஆவாரைன்னு ஒட்டியிருக்குல்ல? எழுதும்மா."

சுற்றிலும் அத்தனை பேரும் நாலைப் பார்த்துக்கொண்டே மனப்பாடமாகப் பத்து வரைந்தார்கள். முழு மார்க். எனக்குத்தான் நியாயம் பேசுகிற வியாதி ஆயிற்றே, கண்ணால் கண்டதை வரைந்தேன். ஃபெயில். பி.எட். சேர முடியவில்லை. அப்பா மறுநாள் காலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடலைக்காட்டுக்குப் போனார். அடுத்த முறையும் அதே மேஜை, அதே மணிப்பூ. பத்து வரைந்தேன். பாஸ்! அதற்குள் இளம்பிள்ளையில் ஒரு தறிக்காரருக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள்.

"அது ஆவாரை இல்ல சாமி. வா, நெசப் பூவைக் காட்டுறேன்" என்று மகளை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஏரிக்கரையில் சிமெண்டு நடைபாதை. கரட்டுக் குன்றடியில் வரிசையாக வீட்டுமனைக் கல். பைபாஸ் ஓரத்தில்கூட ஒரு செடி இல்லை, பாவி மக்கள் வழித்தெடுத்துவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் அவளுக்கு வரைந்து காட்டினேன். பத்து மகரந்தத்தாளும் சரியாக வந்தன, மனப்பாடமாக.