சூலத்தை உருவிய ஞாயிறு

கல்லில் செருகிய வாளை உருவுகிறவன்தான் ராஜா. அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு உலகத்தில் வேறு சட்டம் கிடையாது. செனாவாங்கில் வீட்டு வாசலில் காரில் ஏறியதிலிருந்து பின் சீட்டில், கைப்பேசியில், அதே கார்ட்டூன் படம். வாளை இழுத்துப் பார்க்க வீரர்கள் முண்டியடிக்கும் காட்சியை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டாள். லுக்குட் வருவதற்குள் எனக்கே வசனம் மனப்பாடமாகிவிட்டது.

நாங்கள் போனது லுக்குட் பக்கத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை வளர்த்த ஒரு தோட்டத்துக்கு. என் கணவர் பிறந்த இடம். நான் ரஹாங்கில் வளர்ந்த டவுன்காரி. கல்யாணமான நாளிலிருந்து அவரைத் தோட்டத்து ஆளு என்று கேலி செய்துகொண்டிருக்கிறேன். அந்தத் தோட்டத்தை வீடு கட்டுவதற்கு விற்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தாகிவிட்டது. மிச்சம் முனியாண்டி கோயில் மட்டும்தான். சாமிக்கு வேறு இடம் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை மண் வாரும் இயந்திரம் வருகிறது. அதற்குள் கல்மேடையில் நட்டிருந்த சூலத்தை எடுத்தாக வேண்டும்.

பூசாரி பூசையை முடித்து, சாமியைக் கும்பத்தில் இறக்கினார். "சூலத்தத் தோட்டத்து ஆளுங்கதான் எடுக்கணும். நான் வெளியில உள்ளவன்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

யாரும் நகரவில்லை. இதற்கென்றே திரும்பி வந்திருந்த, காலமெல்லாம் செம்பனைக் குலை சுமந்த ஆட்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நீ எடுலா."

"நீங்க பெரியவரு, நீங்க எடுங்கண்ணே."

மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, படத்துல எல்லாரும் நான் நீன்னு சண்ட போடுறாங்க. இங்க ஏன் யாருமே இழுக்க மாட்றாங்க?"

"சாமி கண்ணக் குத்திடும்னு பயம்லா" என்றேன், எல்லார் காதிலும் விழும்படியே. அதோடு விட்டேனா? கணவரைப் பார்த்து, "ஏங்க, நீங்களுமா? இத்தன ஆம்பளைங்க இருந்து ஒரு கம்பிய உருவ ஆளில்லையா?" என்றேன்.

அவர் மேடை ஏறினார், சூலத்தைக் கும்பிட்டார், இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. சிமெண்டு எப்போதோ விட்டுப்போயிருக்க வேண்டும். சிரமமே இல்லாமல் வந்துவிட்டது.

மகள் மட்டும் கை தட்டினாள். மற்றவர்கள் சூலம் நின்றிருந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கம்பி நிற்கிற வரைக்கும் அது அவர்கள் தோட்டம். அதை முடித்து வைக்கிற கை தன் கையாக இருக்க வேண்டாம் என்றுதான் ஒவ்வொருவரும் பின்வாங்கியிருக்கிறார்கள்.

புது இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய சூலம் எங்கள் காருக்குள் அடங்கவில்லை. மஞ்சள் துணி சுற்றி, நுனியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மடியில் பிடித்தபடி அவர் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. திறந்த ஜன்னலில் சாரல் அடித்து அவர் சட்டை நனைந்தது, அவர் கவனிக்கவில்லை.

"ப்பா, இப்ப நீங்கதான ராஜா?" என்றாள் மகள் பின்னாலிருந்து.

"ராஜான்னா ஒரு ஊரு வேணும்லம்மா" என்றார்.