ஸ்க்ரான்டன்காரர்கள் சிரித்த ஞாயிறு

ஒரு மணி நேர நிகழ்ச்சி என்று நாம் சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்லிவிடுவோம். உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு அது ஐம்பத்தெட்டு நிமிடம் முப்பது நொடி. அதற்கு மேல் ஒரு நொடி வேண்டும் என்று ஆண்டவனே வந்து கேட்டாலும், அவர் வாய் திறக்குமுன் சோப்பு விளம்பரம் வந்து மறைத்துவிடும். நியூயார்க்கிலிருந்து ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்கு நேரலையாகப் போன 'கார்மடி நேரம்' நிகழ்ச்சியில் அந்த நொடிகளுக்கெல்லாம் காவல் இருந்தவள் வெர்னா ப்ராசர்.

ஸ்க்ரான்டன் என்ற நிலக்கரி ஊரில் பிறந்தவள். வேல்ஸ் வம்சம். தேவாலயத்தில் போதகர் இழுக்கும் மூச்சை வைத்தே பிரசங்கம் இன்னும் எத்தனை நிமிடம் போகும் என்று பன்னிரண்டு வயதிலேயே சொல்வாளாம். அதை வைத்துப் பின்வரிசையில் பந்தயம் நடந்ததாகவும், போதகரே ஒரு தடவை பணம் கட்டித் தோற்றதாகவும் சொல்வார்கள். தோற்றது மட்டும் நிஜம். பதினெட்டு வயதில் வானொலி நிலையத்துக்குத் தட்டச்சு செய்ய வந்தவள், நேரம் பார்க்கிறவருக்கு அம்மை போட்ட ஒரு நாளில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் குணமாகித் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இல்லை. வானொலி தொலைக்காட்சியானபோது அவளும், கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சும் கூடவே குடிபெயர்ந்தார்கள்.

அவள் கணவன் எம்லினும் அந்த ஊர்தான். இருபத்து நான்கு ஒயின் கோப்பைகளில் அளவாகத் தண்ணீர் ஊற்றி, ஈர விரலால் விளிம்பைத் தேய்த்து இசை எழுப்புவது அவன் பிழைப்பு. மலைவாச விடுதி, சங்கத்து விருந்து, கப்பல் என்று பத்தொன்பது வருடம் சுற்றினான். பயணத்தில் கோப்பைகளைக் காலுறைகளில் சுற்றிவைப்பான். நல்ல காலுறையெல்லாம் கோப்பைகளுக்கு, ஓட்டை விழுந்தவை எம்லினுக்கு. மேடையில் உணவு பரிமாறுகிறவன் வேடம். மேசையைத் துடைப்பான், கோப்பையைத் துடைப்பான், மறுபடியும் துடைப்பான். ஒன்றே முக்கால் நிமிடம் இதேதான். அப்புறம் ஒரு கோப்பை 'கீச்' என்று கத்தும். யார் கத்தியது என்று திடுக்கிட்டுச் சுற்றும்முற்றும் பார்ப்பான். அங்கே ஆரம்பிக்கிற சிரிப்பு, ஐந்தரை நிமிடத்தில் இருபத்து நான்கும் சேர்ந்து பாடி முடிக்கும்வரை அடங்காது.

ஒரு நவம்பரில், நிகழ்ச்சியை நடத்தும் ரஸ் கார்மடிக்கும் அவர் ஆட்களுக்கும் முன்னால் அதைச் செய்து காட்டினான். பெண்டாட்டி பெயரைப் பற்றி மூச்சுவிடவில்லை. கார்மடி கண்ணில் நீர் வரச் சிரித்து, ஜனவரி இரண்டாம் ஞாயிறு என்று எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு தடவை அந்த மேடையில் ஐந்தரை நிமிடம் நின்றவனுக்கு வருடம் முழுக்க வேலை வரும். விடுதிக்காரர்கள் எல்லாரும் பார்க்கிற நிகழ்ச்சி அது. எம்லினுக்கு வயது நாற்பத்தாறு. விரல் நுனிகள் தேய்ந்து கண்ணாடியாகிவிட்டன. இன்னொரு பத்தொன்பது வருடம் அவற்றில் இல்லை.

ஒரே குறை, அவனுக்குக் கிடைத்தது கடைசி இடம். உள்ளே அதை 'மெத்தை' என்பார்கள். முன்னால் வந்தவர்கள் நீட்டினால் மெத்தைதான் அமுங்கும். அடியோடு அமுங்கி மேடை ஏறாமலே போனால் இன்னொரு ஞாயிறு கொடுப்பது வழக்கம். ஆனால் ஒரு நொடி முகம் காட்டிவிட்டாலும் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான், வேறு ஞாயிறு கிடையாது.

வெர்னா நாற்பத்து நான்கு அனுமதிச்சீட்டு வாங்கி எம்லினின் அத்தை க்வெண்டாவுக்கு அனுப்பினாள். கூட ஒரு கடிதம்: 'எம்லினுக்கு மட்டும் சிரித்தால் ஆள் வைத்துச் சிரிக்கவைத்தோம் என்பார்கள். அதனால் எல்லாருக்கும் நன்றாகச் சிரியுங்கள்.' நேரம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள் தன் கையால் எழுதிய வரி அது.

ஞாயிறு மதியம் ஒத்திகை. வெளியே பனிமழை. குளிருக்கு ஒதுங்கியவர்கள்தான் பார்வையாளர்கள். பாதிப் பேர் தூங்கினார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பை அளந்து, அதையே ராத்திரிக்கும் கணக்கில் வைத்தாள் வெர்னா. எம்லினுக்கு ஐந்து நிமிடம் முப்பது நொடி, முழுசாக.

எட்டு மணிக்கு ஸ்க்ரான்டன் பேருந்து வந்து சேர்ந்திருந்தது. அரங்கின் நடுவில் நாற்பத்து நான்கு பேர். நான்காம் வரிசையில் பச்சைத் தொப்பி வைத்த க்வெண்டா அத்தை.

அத்தையின் சிரிப்பு மூன்று கட்டம். முதலில் கெட்டில் விசில். பிறகு மூச்சே இல்லாத அமைதி. எல்லாரும் முடிந்தது என்று நினைப்பார்கள். அப்புறம்தான் வெடிக்கும். ஸ்க்ரான்டனில் அவர் சிரித்தால் சுரங்கத்துக்குள் தானாகவே கரி உதிரும் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் வெடித்தால் மற்ற நாற்பத்து மூன்று பேரும் வெடிப்பார்கள். நல்ல நகைச்சுவைக்காரன் சிரிப்பின்மேல் பேச மாட்டான், நின்று காத்திருப்பான். முதலில் வந்த டெக்ஸ்டர் போல்க் நல்ல நகைச்சுவைக்காரன். காத்திருந்தான்.

கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர் லூ ஃபிங்கல் திரும்பிப் பார்த்தான். "எங்க இருக்கோம் வெர்னா?"

"ஐம்பது நொடி அதிகம்."

"அவன் இன்னும் மாமியார் கதைக்கே வரலையே!"

"மதியம் வெட்டின கதையைச் சேத்துக்கிட்டான் லூ. கூட்டம் சிரிக்குதுன்னு குஷி வந்துருச்சு."

போல்க் இறங்கும்போது எம்லினிடம் மூன்று நிமிடம் நாற்பது நொடி மிச்சம்.

"லூ, கீழ மேடை ஓரத்துல சைகை காட்டுற ஐக் கிட்ட சொல்லேன். நாலாவது வரிசைல பச்சைத் தொப்பி போட்ட அம்மாகிட்ட போய்..."

"போய்? சிரிக்காதீங்கன்னு சொல்லணுமா? சோப்பு விக்கிறவன் காதுல விழுந்தா என்னை அந்தச் சோப்புலயே போட்டுத் துவைச்சிருவான். யாரு அந்தம்மா?"

"என் வீட்டுக்காரரோட அத்தை."

லூ அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அடிப்பாவி" என்றான் மெதுவாக.

அடுத்து மார்வா லேன் பாடினாள். நிம்மதியான, சிரிப்புக்கு இடமில்லாத பாட்டு. ஆனால் தேவாலயத்தில் பாடி வளர்ந்த வேல்ஸ்காரர்களை உட்காரவைத்துக்கொண்டு பல்லவியைத் திருப்பிப் பாடலாமா? மூன்றாம் தடவை பல்லவி வந்தபோது நாற்பத்து நான்கு தொண்டைகளும் நான்கு குரலாகப் பிரிந்து சேர்ந்துகொண்டன. அப்படியொரு அழகு, கேமராக்காரர்களே அழுதார்கள். வாத்தியக்காரர்கள் தாமாகவே மறுபடியும் ஒரு தரம் வாசித்தார்கள்.

"மிச்சம் ரெண்டு பதினஞ்சு" என்றாள் வெர்னா.

அப்போது ரஸ் கார்மடி மேடை விளிம்புக்கு வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களால் ஆகிற கேடு கொஞ்சநஞ்சமில்லை.

"இப்படிப் பாடுறீங்களே, எந்த ஊருங்க நீங்கள்லாம்?"

"ஸ்க்ரான்டன்!"

"அந்தப் பச்சைத் தொப்பி அம்மா! உங்களுக்கு என்ன வயசு?"

"உங்களைவிடக் கம்மிதான் தம்பி, மேக்கப் போடாததால தெரியலை!"

அரங்கம் அதிர்ந்தது. விசில், அமைதி, வெடி. கார்மடி தொடையில் தட்டிக்கொண்டார். கடிகாரத்தின் முள் போய்க்கொண்டே இருந்தது. வெர்னா அதை விரலால் மறைத்துப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு நொடி" என்றாள்.

லூ அவள் பக்கம் திரும்பினான். "உன் ஆளால முப்பத்தஞ்சுல முடியுமா?"

"முடியாது. முதல் சிரிப்பே நூத்தஞ்சாவது நொடியிலதான் வரும். தூக்கிடு லூ. இன்னொரு ஞாயிறு குடு."

"தந்தேன். பிப்ரவரில எழுதிக்கோ. ஐக், கடைசி ஆளை நிறுத்து, ரஸ் டாட்டா சொல்லி முடிக்கட்டும்."

வெர்னா பென்சிலை எடுத்தாள். தாளின் ஓரத்தில் பிப்ரவரி என்று எழுதினாள்.

மேடையில் க்வெண்டா அத்தையின் குரல் கேட்டது. "எல்லாம் சரி தம்பி, நாங்க எங்க எம்லினைப் பாக்க வந்தோம். அவன் எங்க?"

"ஐக், வேணாம்னு கையாட்டு!" என்று லூ கத்தினான். கார்மடி ஐக்கைப் பார்க்கவில்லை. அத்தையைத்தான் பார்த்தார்.

"இவ்வளவு தூரம் வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புவேனா! எம்லின் ப்ராசர்! வாங்க!"

திரை விலகியது. மேசை, இருபத்து நான்கு கோப்பைகள், தோளில் துண்டோடு எம்லின்.

அவனுக்கு முப்பத்தைந்தும் தெரியாது, பிப்ரவரியும் தெரியாது. ஆரம்பத்திலிருந்துதான் ஆரம்பிக்கத் தெரியும். மேசையைத் துடைத்தான். ஒரு கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். துடைத்தான்.

அதுவரை நாற்காலி உடையச் சிரித்த நாற்பத்து நான்கு பேரும் மூச்சுவிடவில்லை. நம்ம எம்லின், ஒன்றும் தவறவிடக்கூடாது என்று க்வெண்டா அத்தை கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டார். தேவாலயத்தில்கூட அப்படியொரு அமைதி இருந்ததில்லை.

"எண்ணு வெர்னா" என்றான் லூ.

அவள்தான் எண்ண வேண்டும். அவள் எண்ணினால்தான் ஐக் விரல் மடக்குவான். "பத்து. ஒன்பது. எட்டு." எம்லின் இரண்டாவது கோப்பையைத் துடைத்தான். அவன் முகத்தின்மேல் வசனம் எழுதியவர், விளக்குப் பிடித்தவர், தொப்பி தைத்தவர் பெயரெல்லாம் ஏறிப் போயின. "மூன்று. இரண்டு." சோப்பு வந்தது.

நிகழ்ச்சித் தாளில் ஒரு கட்டம் உண்டு: தோன்றினார், தோன்றவில்லை. லூ தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நாடு முழுக்கப் பாத்துட்டாங்க வெர்னா. பிப்ரவரியைப் பத்தி நான் இனி யார்கிட்டயும் பேச முடியாது."

"தெரியும்" என்றாள் வெர்னா. தோன்றினார், பதினெட்டு நொடி என்று எழுதினாள்.

மேடைக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் எம்லினைச் சூழ்ந்திருந்தார்கள். பாராட்டு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். க்வெண்டா அத்தைக்குத் தொண்டை கட்டி, குரல் தவளைக் குரலாகியிருந்தது.

"என் பிள்ளைக்கு அஞ்சரை நிமிஷம்னு சொன்னாங்களே. எவன் தின்னான்? வெர்னா, நீதானே கணக்கு வெச்சிருக்கே, பேரைச் சொல்லு. நான் கேக்குறேன் அவனை."

தாள் வெர்னா கையில்தான் இருந்தது. போல்க் பெயருக்கு எதிரே, லேன் பெயருக்கு எதிரே, கார்மடி பெயருக்கு எதிரே, மூன்று இடத்திலும் நேரம் நீண்டதற்கு ஒரே காரணம்: பார்வையாளர். எம்லின் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வாசித்தான். மெல்ல அவள் கையிலிருந்த தாளை நாலாக மடித்தான்.

"நேரலைன்னா அப்படித்தான் அத்தை" என்றான். "உங்க குரல் எங்க போச்சு?"

"உனக்குத்தான்டா குடுத்தேன், ராசா. வெர்னா எழுதின மாதிரியே ஒருத்தரையும் விடலை, எல்லாருக்கும் சிரிச்சோம்."

"கேட்டுச்சு அத்தை" என்றாள் வெர்னா. "உள்ள வரைக்கும் கேட்டுச்சு."

வெளியே பேருந்து ஒலியெழுப்பியது. அத்தை அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, படியில் கால் வைத்துத் திரும்பினார்.

"அடுத்த தடவை ஒரு பஸ் பத்தாது. ரெண்டா கொண்டாறேன்."

வெர்னா தலையை ஆட்டினாள்.