அய்யனாருக்கு யார் கார்டியன்?

போன வாரம் அக்கா மகளுக்குக் கணக்குத் தொடங்க வங்கிக்குப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"பாப்பா மைனர்தானே மேடம்? கார்டியன் பேரும் உறவும் எழுதாம வுட்டுட்டீங்களே."

எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லீங்க... எனக்கு இன்னொரு மைனரைத் தெரியும். பன்னிரண்டடி உயரம், முறுக்கு மீசை, கையில அருவா."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு வேலை இருந்தது. உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும் என்று நம்பிச் சொல்கிறேன்.

2002-ஆம் வருடம். சிவில் டிப்ளமோ முடித்த கையோடு அரியலூரில் ஒரு தனியார் சர்வேயரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குரும்பலூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து அரியலூர் என்று தினமும் இரண்டு பஸ். பையில் டேப், ஸ்கேல், மூன்று கலர் பேனா, ஒரு நீள நோட்டு. எதைப் பார்த்தாலும் வரிசை எண் போட்டு எழுதுவது அப்போதே எனக்கு வியாதி. மத்தியானச் சாப்பாட்டில் என்ன இருந்தது என்பதுகூட அந்த நோட்டில் எண் போட்டு இருக்கும். இன்றைக்கும் அதைப் புரட்டினால் அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெள்ளைத் தூசி விரலில் ஒட்டுவது போலிருக்கும்.

நிலத் தகராறு என்றால் கோர்ட் ஒரு வக்கீலை கமிஷனராக அனுப்பும். அவர் இடத்தைப் பார்த்து, அங்கே என்னென்ன இருக்கின்றன என்று அறிக்கை தர வேண்டும். அப்படி ஒரு வக்கீல், அளக்க ஆள் வேண்டும் என்று எங்கள் ஆபீசுக்கு வந்தார். நான் போனேன்.

பஸ்ஸில் கேஸ் கட்டைப் பிரித்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். வாதி: அய்யனார், மைனர்.

"சார், டைப்பிங் மிஸ்டேக்குங்களா?"

"இல்லம்மா. சட்டத்துக்குச் சாமி எப்பவும் மைனர்தான். சாமி பேருல சொத்து இருக்கலாம், கேஸ் போடலாம். ஆனா நேர்ல வந்து கையெழுத்துப் போட முடியாதுல்ல? அதனால ஒரு கார்டியன் வேணும்."

"எப்ப சார் மேஜர் ஆவாரு?"

"ஆகவே மாட்டாரு." ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப்போனார்.

விஷயம் இதுதான். அய்யனார் பெயரில் இரண்டு ஏக்கர். பூசாரி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவர் மனைவி தனக்கொடியம்மாள்தான் அதற்குப் பிறகு விளக்கேற்றி, அந்த நிலத்தில் விளைவதைப் பொங்கி அய்யனாருக்குப் படைத்துவந்தார். நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருந்தது. வாங்க ஆள் வந்தது. பூசாரியின் பெரியப்பா மகன் கோவிந்தசாமி, "மூத்த ஆம்பள நான். நான்தான் கார்டியன். நிலத்தை வித்துட்டுச் சாமிக்குக் கருங்கல்லுல கோயில் கட்டப் போறேன்" என்றார். தனக்கொடியம்மாள் அய்யனாரின் சார்பாகக் கேஸ் போட்டுவிட்டார். தோற்றால் நிலம் போகும். விளக்கும் அவர் கையை விட்டுப் போகும்.

இடத்துக்குப் போய் நோட்டைத் திறந்தேன். ஒன்று, வேப்பமரம். இரண்டு, மண்குதிரைகள் நான்கு, அதில் ஒன்றுக்குக் காது இல்லை. மூன்று, கிணறு; தண்ணீர் உண்டு. நான்கு, சுதைச் சிலை ஒன்று. வலது காலில் விரிசல்...

விரிசல் முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது.

"இது என்னங்க?"

"காலு வெடிச்சுப்போச்சு பாப்பா. பத்துப் போட்ருக்கேன்" என்றார் தனக்கொடியம்மாள்.

நான் டிப்ளமோ அல்லவா? "சிமென்ட் பால் ஊத்தினாத்தாங்க நிக்கும்" என்றேன்.

"அதும் ஊத்துனேன். அது வெடிப்புக்கு. இது வலிக்கு."

அப்புறம் என் நோட்டை எட்டிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். "செலைன்னா எழுதுன? அவனுக்குக் கோவம் வராது பாப்பா. எனக்கு வரும்." அடித்துவிட்டு 'அய்யனார் ஒன்று' என்று எழுதினேன். அந்த அடித்தல் இன்னும் நோட்டில் இருக்கிறது.

டேப் பிடிக்கப் போனால், அய்யனாரின் மாலை குறுக்கே தொங்கியது. தனக்கொடியம்மாள் அதை ஒதுக்கிவிட்டார். "செத்த பொறுடா, பாப்பா அளக்கட்டும். கேஸு போட்டதுலேருந்து மொகத்தத் தூக்கி வச்சுருக்கான், பாத்தியா?"

கோவிந்தசாமி அங்கேதான் நின்றார். வெயிலில் தரை கொதித்தது. செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு, பத்தடி தள்ளி, கை கட்டி நின்றார். கமிஷனரிடம் தணிந்த குரலில்தான் பேசினார்.

"எங்கப்பன் மழையிலயும் வெயில்லயும் நிக்கிறாருங்க. கல்லுல கோயில் கட்டணும்னு நெனச்சது தப்பா? இவ என்னடான்னா அவர வாடா போடாங்குறா. இவகிட்ட எப்படிங்க வுடுறது?"

"நீங்க தள்ளி நின்னு கும்புடுறீங்க மாமா. அவன் முதுவத் தொடச்சு வுடுறது யாரு?"

"ரெண்டு பேரும் கோர்ட்டுல சொல்லுங்க" என்றார் கமிஷனர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என் மனசு கோவிந்தசாமி பக்கம்தான் இருந்தது. சுதை மழையில் நிற்காது. கருங்கல் நிற்கும். விற்றதில் மீதி அவருக்குத்தான் என்று ஊரில் பேச்சு. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு நின்றவரின் பக்தியில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கேஸ் நகர ஒன்றரை வருடம் ஆனது. என் வரைபடத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் தேவைப்படும் என்று கமிஷனர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். கோர்ட் வராந்தாவில் கோவிந்தசாமிக்கு அவருடைய வக்கீல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"'சாமி மைனர். நான் கார்டியன்.' அவ்வளவுதான். எங்க, சொல்லுங்க?"

"நான் கார்டியன்."

"முன்னாடி உள்ளதையும் சேத்துச் சொல்லுங்க."

கோவிந்தசாமி தூணைப் பார்த்தார். "அது... அங்க சொல்லிக்கிறேங்க."

முதலில் கூண்டில் ஏறியது தனக்கொடியம்மாள். கடவுள் அறிய உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள்.

"எந்தச் சாமிங்க? கேஸே அவன் பேருலதான் இருக்கு. அவன் மேலயே சத்தியம் பண்ணலாமுங்களா? ஒருதலையா போயிடாதா?"

நீதிபதி குனிந்து பேப்பரில் எதையோ தேடினார். சிரிப்பை மறைக்கத்தான். "பொதுவா கடவுள்னு சொல்லும்மா, போதும்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "ஏம்மா, அய்யனார் ஊர்க்காவல் தெய்வம். ராத்திரியில குதிரையேறி ஊரச் சுத்தி வர்றாருன்னு நீங்களே நம்புறீங்க. அவருக்கு நீங்க கார்டியனா?"

"ஆமாங்க. ஊரச் சுத்திட்டு வர்ற புள்ளைக்கு வூட்டுல யாராச்சும் சோறு வச்சிருக்க வேணாமா?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து கோவிந்தசாமி. பின் பெஞ்சுகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. தனக்கொடியம்மாளின் வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்.

"சாமி மைனர், அவரைப் பாதுகாக்குற கார்டியன் நான்தான்னு பதில் மனுவுல சொல்லியிருக்கீங்க. அய்யனாரை நீங்களா காப்பாத்துறீங்க?"

கோவிந்தசாமி பின் பெஞ்சைப் பார்த்தார். மேலே ஃபேனைப் பார்த்தார்.

"அவருதாங்க எங்களக் காப்பாத்துறாரு."

"அப்போ மனுவுல இருக்குறது?"

"அது வக்கீல் எழுதுனதுங்க. எங்கப்பன சின்னப்புள்ளன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

அவருடைய வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி எழுதிக்கொண்டார். சில வாரங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது: நிலத்தை விற்கக் கூடாது; அய்யனாருக்குக் கார்டியன் தனக்கொடியம்மாள்.

தீர்ப்பன்று வாசலில் கோவிந்தசாமியின் வக்கீல் பொரிந்து தள்ளினார். "ஒரு 'ஆமா' சொல்றதுக்கு என்னய்யா?"

"சொல்லிட்டு ஊருக்குள்ள எப்படிங்க நடக்குறது? அவரு சின்னப்புள்ளன்னா, நாளைக்கு மழை இல்லேன்னா நாங்க யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

வக்கீல் கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். நோட்டில் எண் போட்டு எழுதக்கூடிய விஷயமா அது?

படியோரம் உட்கார்ந்திருந்த கோவிந்தசாமியிடம் தனக்கொடியம்மாள் வந்தார். "எழுந்திரிங்க மாமா. இந்த பஸ்ஸ வுட்டா அடுத்தது ஆறு மணிக்குத்தான்." அவர் எழுந்தார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஊருக்குப் போனார்கள். தனக்கொடியம்மாள் முன்னால், கோவிந்தசாமி பின்னால்.

இந்த வருடத் தொடக்கத்தில் அந்தப் பக்கம் வேறொரு நிலம் அளக்கப் போனேன். அய்யனார் தலைக்கு மேல் தகரக் கூரை போட்டிருந்தது. யார் உபயம் என்று தேடினேன். எழுதவில்லை. ஒரு டியூப்லைட் கொடுத்தாலே வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதுகிற நாட்டில்!

"மாமாதான் போட்டாரு" என்றார் தனக்கொடியம்மாள். "பேரு எழுதலையான்னு கேட்டேன். அப்பனுக்குப் புள்ள செய்யிறதுக்குப் பேரு எதுக்குங்குறாரு." மேலே கூரையைக் காட்டி, "அவருக்கு அப்பன், எனக்குப் புள்ள. கூரை ஒண்ணுதான்" என்றார். அய்யனாரின் காலில் மஞ்சள் புதிதாக இருந்தது.

நாம் சாமியிடம் நிறையக் கேட்கிறோம். பரீட்சை, வேலை, மழை, சுகப்பிரசவம் என்று என்னுடைய பட்டியலே இரண்டு பக்கம் வரும். சட்டத்துக்குச் சாமி மேல் நம்பிக்கை உண்டா, இல்லையா... தெரியாது. ஆனால் நாம் யாரும் கேட்காத ஒன்றை அது கேட்டது — இவரை உங்களில் யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?

வங்கிக்கு வருவோம். என் முறை மறுபடி வந்தபோது, நான் எழுதிக் கொடுத்த படிவத்தில் முத்திரை குத்தியபடி அந்தப் பெண் சொன்னார்: "பாப்பாவுக்குப் பதினெட்டு ஆனதும் வாங்க மேடம், கார்டியன் பேரை எடுத்துடலாம்."

தனக்கொடியம்மாளுக்கு அந்தக் கவலை இல்லை.