துப்பிவிட்டு மறுபடி சொல்

போன வாரம் ஒருநாள், ஜமுனாமரத்தூரில் மாலையில் பிடித்த மழை விடவே இல்லை. நெல்லிவாசல்நாட்டில் நர்ஸாக இருக்கும் என் மகள், ஷேர் ஜீப்பில் கிளம்பிவிட்டதாகப் போன் செய்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஜீப் எங்கனா கவுந்துடுச்சோ?"

"கொயந்த வர்ற நேரத்துல இன்னா பேச்சுங்க இது?" என்றாள் மனைவி.

உடனே "தூ, தூ" என்றேன். பிறகு, "பத்திரமா வந்துடுவா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இப்படித் துப்புவது ஹாங்காங்கில் பிடித்துக்கொண்ட பழக்கம்.

கல்யாணத்துக்கு முன் சில வருஷம் அங்கே ஒரு துணிக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். கான்டனீஸ் மொழி தனித்தனிச் சொல்லாக வந்தால் புரியும்; சேர்ந்து வந்தால் காலை வாரிவிடும். ஒருநாள், அங்கே வேலை பார்த்த ஒருவருக்கு முதலாளி கணவாய் மீன் வறுத்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைக்குமா என்று அந்த மனிதரைத் தேடிப் போனேன். அவரை வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள்! கணவாய் சூட்டில் சுருளுமே, அதுபோலப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போ என்று அர்த்தமாம்.

இன்னொரு நாள் புயல். வரவேண்டிய சரக்கு லாரி வரவில்லை. "கடலுக்குள்ள போயிருக்கும்" என்றேன். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஆ லிங் நிமிர்ந்து, "தோ ஹௌ சோய் கொங் குவோ" என்றாள். எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி சொல் என்று அர்த்தம். எல்லாச் சொல்லும் புரிந்துவிட்ட பெருமையில், துடைத்த தரையில் நிஜமாகவே துப்பிவிட்டேன். கிடங்கே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. துடைக்கும் துணியை என் கையில் திணித்து, "சத்தம் மட்டும் போதும். இப்ப நல்லதாச் சொல்லு" என்றாள்.

"வந்துடும்" என்றேன். சாயங்காலம் லாரி வந்தது. ஓட்டி வந்தவன் ஆ லிங்கின் கணவன் என்பது இறங்கியபோதுதான் தெரிந்தது.

அதன்பின் யார் கெட்டது பேசினாலும் முந்திக்கொண்டு நான்தான் துப்பச் சொல்வேன். முதலாளியிடமே சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, எனக்குக் கணவாய் வறுக்கவில்லை.

மகள் நனைந்துகொண்டு நடந்தே வந்து சேர்ந்தாள். ஜீப் வளைவில் சறுக்கிப் பாறையில் முட்டி நின்றுவிட்டதாம். நெற்றியில் சிராய்ப்பு.

"ஒன்னும் ஆவலப்பா. எதுக்கு இப்டி பதறற? திங்கக்கெழம டூட்டிக்குப் போவணும், துணி காய வைக்கணும்."

போயும்விட்டாள். போய்ச் சேர்ந்ததாகப் போனும் வந்தது.

அந்தக் கிடங்கு இருந்த தெருவே இப்போது இல்லை என்கிறார்கள். படித்த மொழியிலும் பாதிக்குமேல் போய்விட்டது. அது போகட்டும். லாரி வந்த அன்று, வந்தாயிற்று, முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேனே, அந்த நிம்மதியைத்தான் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. மகள் நன்றாக இருக்கிறாள். தெருவில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால், தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.