சேக்காட்டில் முப்பது நொடி

பாலைவனத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. என் மேலாளருக்கு இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கணினி நிறுவனத்தில், மேலாளரின் ஆசை கொஞ்ச நாளில் எல்லோருடைய ஆசையாகவும் ஆகிவிடும். அவர் மாரத்தான் ஓடியபோது நாங்களும் மூச்சு வாங்கினோம். அவர் சிறுதானியத்துக்கு மாறியபோது கேன்டீனில் நாங்களும் வரகுப் பொங்கல் தின்றோம். போன வருஷம் அவர் கேமரா வாங்கினார். சாமர்த்தியசாலிகள் எல்லோரும் முதுகுவலி, மாமனாருக்கு ஆபரேஷன் என்று நழுவிக்கொள்ள, நான் மட்டும் அவர் பின்னாலேயே போய் ஒரு கேமரா வாங்கினேன். அதனால் ராஜஸ்தானுக்கு அவரோடு கிளம்பவும் நான் ஒருவன்தான் மிஞ்சினேன்.

ஜோத்பூர் வரை விமானத்தில் போய், அங்கே ஒரு வாடகைக் காரை எடுத்து ஜெய்சல்மேரைத் தாண்டிப் போவதாகத் திட்டம். இதற்கு அவர் வைத்த பெயர் ரோடு ட்ரிப். நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் மூடநம்பிக்கை என்று மீட்டிங்கிலேயே சொல்கிற மனிதர், தினசரிக் காலண்டரைக் கிழித்துக் கிழித்து மார்கழி அமாவாசையைத் தேடினார். நிலா இல்லாத இரவு வேண்டுமாம். கேமராவின் கண்ணை உடனே மூடாமல் அரை நிமிஷம் திறந்தே வைத்தால், நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமெல்லாம் உள்ளே வந்து சேரும். நகரும் விளக்கு கோடாக விழும். இப்படி நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், நட்சத்திரங்கள் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோலம் போட்டிருக்கும். அதற்குத்தான் அத்தனை தூரம்.

"போறதுக்கு முன்னாடி வீட்டுப் பக்கத்துலயே பிராக்டிஸ் பண்ணுங்க" என்று சொல்லி ஒரு பட்டியலும் அனுப்பினார். முக்காலி, நெற்றியில் கட்டும் டார்ச், பாதுகாப்புக்கு ஒளிரும் பட்டை வைத்த ஜாக்கெட், நேரம் குறிக்க நோட்டு, தூரம் பார்த்துக் குறிக்க சாக்பீஸ். நான் எதையும் விடவில்லை. சேக்காட்டில் எங்கள் அடுக்குமாடி இருக்கும் தெருவில் வானம் இரவிலும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். நட்சத்திரம் என்று பார்த்தால் அநேகமாக அது விமானம். அதனால் ஆட்டோக்களின் விளக்கை எடுத்துப் பழகலாம் என்று, ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு இத்தனையையும் மாட்டிக்கொண்டு தெரு நடுவில் இறங்கினேன். பத்தடி தள்ளி ஒரு கோடு, இருபதடி தள்ளி ஒரு கோடு என்று சாக்பீஸால் போட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எதிர்வீட்டு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவர். எங்கள் தெருவெல்லாம் வயலாக இருந்தபோது அதில் நாற்று நட்ட குடும்பம். இப்போது ஒரு தளம் போட்ட சொந்த வீடு. அதன்மேல் மகளுக்காக மாடி எழுப்ப, சென்ட்ரிங் பலகை எல்லாம் வந்து இறங்கியிருந்தது.

"இன்னா சார், எவ்ளோ?" என்றார்.

நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எத்தனை நொடி என்று கேட்கிறார் என்று நினைத்தேன். நம் கலையில் ஒருவர் ஆர்வம் காட்டுகிறாரே என்று பெருமையாகவும் இருந்தது.

"முப்பதும்மா" என்றேன்.

"முப்பதா!"

"ஆமா. பதினஞ்சு வச்சுப் பாத்தேன். பத்தல."

"பத்தலியா? இப்ப கீறதே போதுமே சார்."

"இல்லம்மா, முப்பது இருந்தாத்தான் வண்டிங்க நல்லா நீளமா போற மாதிரி வரும்."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு பக்கமும் வருமா சார்?"

"ரெண்டு பக்கமும் வர்றதுதாம்மா அழகே."

அவர் உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் தண்ணீர் கேன் போடுகிறவர், நான்கு வருஷத்தில் முதல்முறையாக, கூப்பிடாமலே வந்து மூன்றாம் மாடி வரை தூக்கி வைத்துவிட்டுப் போனார். எங்கள் கேட்டை மறித்து எப்போதும் நிற்கும் லோடு ஆட்டோவைக் காணவில்லை. தெரு நலச்சங்கத் தலைவர், ஆவடியில் அரசுத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காதவர், அன்றைக்கு என் கையைப் பிடித்து, "தம்பி, டீ சாப்டீங்களா?" என்றார். எனக்குக் காரணம் புரியவில்லை. புரியாவிட்டாலும் சௌகரியமாகத்தான் இருந்தது. நம் தெருவும் கடைசியில் கலைஞனை மதிக்கக் கற்றுக்கொண்டது என்றுகூட நினைத்தேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மனைவிதான் விஷயத்தைக் கொண்டுவந்தாள்.

"நீங்க ரோடு அளக்கற ஆபீசராமே? தெருவை முப்பது அடியா அகலம் பண்ணப் போறீங்களாம். எதிர்வீட்டுல மேஸ்திரிய வேணாம்னு அனுப்பிட்டாங்க."

எட்டிப் பார்த்தேன். சென்ட்ரிங் பலகைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா படியில் உட்கார்ந்து வண்டி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக நான் குடித்த டீயெல்லாம் எந்தக் கணக்கில் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

ஓடிப்போய் விளக்கினேன். நான் கணினி வேலை பார்ப்பவன், அளந்தது தெருவை அல்ல, முப்பது என்பது அடி அல்ல, நொடி என்றேன். அதற்குள் சங்கத் தலைவரும் இன்னும் நாலு பேரும் வந்துவிட்டார்கள். தலைவர் பரிதாபமாகச் சிரித்தார்.

"தம்பி, நீங்க வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கும். எங்களுக்குத் தெரியாதா? நானும் கவர்மென்ட்டுல இருந்தவன்தான்."

இல்லை என்று சொல்லச் சொல்ல என் பதவி உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் ஆதாரத்தையே காட்டிவிடுவோம் என்று கேமராவைக் கொண்டுவந்து, அன்று எடுத்த படத்தை அவர்கள் முன்னால் நீட்டினேன். நல்ல படம். ஆட்டோ விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமாக நீண்டு வளைந்திருந்தன. ஆனால் அரை நிமிஷம் கண் திறந்திருக்கும் கேமரா, நிற்காமல் நடக்கிறவர்களை வாங்காது. அன்று சாயங்காலம் பத்திருபது பேராவது தெருவில் போய்வந்திருப்பார்கள். படத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பெரிய, வெறிச்சோடிய சாலை, அதில் வெளிச்சம் மட்டும் பாய்ந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் அங்கதானே நடந்து வந்தேன்? என்னியக் காணோம். நம்ம ஒருத்தரையும் காணோம். எல்லாரையும் காலி பண்ணிட்டு ரோடு எப்டி இருக்கும்னு பிளான் போட்டு வச்சிகீறாங்க பாரு."

"கம்ப்யூட்டர்ல போட்டது" என்றார் தலைவர். "தம்பியே சொன்னாரே, கம்ப்யூட்டர் வேலைன்னு."

அன்றைக்கே மனு தயாரானது. தெருவை முப்பது அடியாக அகலப்படுத்தும் திட்டத்தைக் கைவிடக் கோரி இருபக்க வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் அடுக்குமாடியிலிருந்தும் போட்டார்கள். என் மனைவியும் போட்டாள். "எல்லாரும் போடறப்ப நான் மட்டும் எப்படி இருக்கறது?" என்றாள். நியாயம்தான்.

இந்தக் கலவரத்துக்கு நடுவே நான் பாலைவனத்துக்குக் கிளம்பினேன். ஆபீசர் மேலிடத்தில் பேசப் போகிறார் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்களாம்.

ஜெய்சல்மேருக்கு அப்பால் மணல்மேட்டுப் பக்கம் போனால் அங்கே கூடாரங்கள், கூடாரத்துக்குக் கூடாரம் ஒலிபெருக்கி, வானத்தில் பச்சை லேசர் விளக்கு. மேலாளர் முகம் சுளித்து மேலும் மேலும் ஓட்டினார். வழியெல்லாம் மௌனத்தின் மகத்துவம் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் பதில் சொல்லக்கூட இடைவெளி கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு விளக்கும் இல்லாத இடம் வந்தது. காரை அணைத்துவிட்டு இறங்கினோம்.

கிண்டலை ஒதுக்கிவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நின்றவரின் முகம் தெரியவில்லை, ஆனால் தலைக்குமேல் இடமே இல்லாமல் நட்சத்திரம். மேலாளரும் முழுதாக ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்.

பிறகு வேலை ஆரம்பித்தது. முன்னால் ஒரு தனி மரம், பின்னால் வடக்கு வானம். இரண்டு மணி நேரம் கேமரா தானாக எடுத்துக்கொண்டே இருக்கும். எந்த வெளிச்சமும் படக் கூடாது. டார்ச் கூடாது, போனை அணைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. குளிரில் பல் கிட்டித்தது. நான் மட்டும் வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் வேண்டுமே என்று போனை அணைக்காமல் பையில் வைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் தாண்டியிருக்கும், அது அதிர்ந்தது. அமர்த்துவதற்காக வெளியே எடுத்தேன். அந்தச் சின்னத் திரை வெளிச்சத்தில் மரம் மொத்தமும் வெள்ளையாகப் பூத்து நின்றது.

"யாரது லைட் போட்டது?" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. சுற்றுவட்டாரத்தில் நாங்கள் இரண்டே பேர்தான்.

வீட்டு அவசரமோ என்று பயந்து காதில் வைத்தேன். மனைவியிடம் நம்பர் வாங்கி எதிர்வீட்டு அம்மாதான் கூப்பிட்டிருந்தார். "சார், தூங்கிட்டியா? இன்னிக்கு உன் ஆளுங்க வந்தாங்க சார். மெய்யாலுமே டேப்பு, ஸ்டாண்டு எல்லாம் எட்துகினு வந்து அளந்தாங்க."

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. மனு போய்ச் சேர்ந்த மாநகராட்சி அலுவலகத்தில், அப்படி ஒரு திட்டமே இல்லாததால் குழம்பிப்போய், எந்தத் தெரு இது, என்ன பிரச்சினை என்று நேரில் பார்த்துவர ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

"என்னம்மா சொன்னாங்க? வீடு போகுதா?"

"நானே போய்க் கேட்டேன். ரோடு அகலம்லாம் ஒன்னும் கெடையாதும்மா, யார் சொன்னதுன்னு அந்த ஆளு சிரிக்கிறான். ஆனா கால்வாய் மேல நீட்டிகினு கீற, கார் ஏத்துற சாய்தளம் எல்லாம் இடிக்கணுமாம். எங்கூட்ல ஒரே ஒரு படிதான், அது உள்ள கீது. ஒனக்குதான் சார் போவுது. நம்ம தெருவுலயே ஒங்க பிளாட்டுதுதான் பெருசாம், நாலரை அடி."

"அதைச் சொல்லவா இந்நேரத்துக்குக் கூப்பிட்டீங்க?"

"பின்ன? இடிக்கப் போறத அதுக்கு சொந்தக்காரங்களுக்குதானே மொதல்ல சொல்லணும்."

மேலாளர் திரும்பி வரும் வழியில் மௌனத்தின் மகத்துவம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மௌனமாகவே இருந்தார். எடுத்ததில் ஒரு படம்தான் கெட்டது. அதை நீக்கினால் வட்டத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழும், அவ்வளவுதான். ஆனால் அலுவலகத்தில் அந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம் அவர் விரல் அந்த வெட்டில்தான் போய் நின்றது. அந்த வருஷம் என் மதிப்பீட்டு அறிக்கையில், குழு ஒழுங்கில் கவனம் தேவை என்று ஒரு வரி இருந்தது.

ஊர் திரும்பியபோது எங்கள் சாய்தளம் உடைந்து கிடந்தது. உள்ளே ஏற முடியாமல் பத்துப் பன்னிரண்டு கார்களும் தெருவில் வரிசையாக நின்றன. முப்பது அடியாக விரியப் போவதாகப் பயந்த தெருவில், இப்போது ஒரு ஆட்டோ போனால் இன்னொன்று காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் தெரு சந்தோஷமாக இருந்தது. முப்பது அடி நின்றுபோனதற்குக் காரணம் நான் மேலிடத்தில் பேசியதுதான் என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது.

பொங்கல் விழாவில் தலைவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "நம் வீடுகளைக் காப்பாற்றியவர்" என்று மைக்கில் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். மறுத்திருக்க வேண்டும். மைக்கை வாங்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும். கைதட்டல் பலமாக இருந்தது. நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

கீழே எதிர்வீட்டு அம்மா நின்றிருந்தார்.

"நீ ஒன்னும் பண்லன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார் சிரிக்காமல். "பரவால்ல, போத்திக்கோ. பனியா கீது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்கள் வேலையை நிறுத்திவிட்டேனே என்று ஏதோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் அதை முடிக்க விடவில்லை.

"மேஸ்திரி திரும்பி வந்துட்டான். நாளான்னிக்கு காங்கிரீட் போடறோம். மெஷினு ஒங்க கேட்டாண்டதான் நிக்கும். காரை வேற தெருவுல உட்டுக்கோ, இன்னா?"

சரி என்றேன். வேறு தெருவில் இடம் தேட இரண்டு நாள் இருந்தது.